பெயெர்செபா சாலையில் இறங்கியவன்

இறைவன் துணை
நெட்டிவோட், இஸ்ரேல்

என் மகன் எல்யாகீமுக்கு அம்மா எழுதுவது. நூற்றிருபது வயதுவரை நீ நன்றாக இருக்க வேண்டும்.

நான் நலம். முட்டிவலி விடவில்லை, என் வாயும் குறையவில்லை. வெள்ளிக்கிழமை மீன் போட்டு கூஸ்கூஸ் செய்தேன். தனியாகத் தின்றால் தொண்டையில் இறங்குவேனா என்கிறது. பிரான்ஸில், அந்த மார்செய்யில் உனக்கு யார் சமைத்துப் போடுகிறார்கள்?

'கடைசியில் தங்கச்சி ஹெம்தா என்னைக் கேட்டாளா அம்மா?' என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். நானும் மழை, மீன் என்று எதையாவது எழுதி மழுப்பி வந்தேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

பெயெர்செபா ஆஸ்பத்திரிக்கு நாம் மூவரும் போன ஆம்புலன்ஸில் அவள் நெஞ்சுத் துடிப்பைக் காட்டிய கோடு நேரானதும் நீ எழுந்து கதவைத் தட்டினாய். அவள் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ்காரர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் ஆசாரியர் குலம். செத்தவங்க இருக்கிற கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது, வண்டியும் கூரைதான். கல்யாணம் ஆகாத தங்கச்சின்னா இருக்கலாம், இவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சே!" என்று அழுதுகொண்டே கத்தினாய். வண்டி நின்றது. நீ சாலையில் இறங்கினாய்.

அவர் அமுக்குவதை நிறுத்தவில்லை. துடிப்பு திரும்பிவிட்டது. இவ்வளவையும் நீ துக்க வீட்டில் அவர் வாயாலேயே கேட்டாய். அன்று ஊரைவிட்டுப் போனவன்தான், இன்னும் திரும்பவில்லை.

நீ கேட்காததைக் கேள். அவள் கண் திறந்தாள். "அண்ணன் எங்கம்மா?" என்றாள். "முன்னாடி டிரைவர் பக்கத்துல உக்காந்திருக்கான்டி" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ பாவம் டிரைவர். வழி சொல்லியே உசிரை எடுத்துடுவானே" என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் போய்விட்டாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு வேதச் சட்டம் படித்தவனுக்கு ஒரு நிமிஷம் பொறுக்கத் தெரியவில்லையே என்று எரிந்தேன். அவளைக் கட்டிக்கொடுக்காமலே வைத்திருக்கலாமே என்றுகூட இந்தப் பாழும் மனசு நினைத்தது. பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது! இப்போது கோபம் போய்விட்டது. நீ கடவுளுக்குப் பயந்து இறங்கினாய், அவளை வேண்டாம் என்று இறங்கவில்லை. அவளும் நீ கூடவே வருகிறாய் என்று நம்பித்தான் போனாள்.

அடுத்த மாதம் அவளுடைய முதல் நினைவு நாள். கல்லறைத் தோட்டத்துக்குள் நீ வர முடியாது, தெரியும். மாப்பிள்ளையும் மற்றவர்களும் உள்ளே போகட்டும். நான் வேலிக்கு வெளியே உன்னோடு நிற்கிறேன். என் பிள்ளைகளில் ஒருவரையாவது நான் தனியாக விடாமல் இருக்கிறேன், வா.

உனக்காகக் காத்திருக்கும் அம்மா,
ஜொஹாரா