மருதமுனைக்கு வராத விமானம்

மருதமுனை,
2010 செப்டெம்பர் 14

மச்சான் கேதீஸ்வரன்,

சுகமா என்று கேட்டுத்தான் இத்தனை வருடமும் உனக்கு எழுதத் தொடங்கியிருக்கிறேன். இன்றைக்கு அந்தக் கேள்வி இல்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். கொழும்பில் மதிலெல்லாம் உங்கள் படத்தின் நோட்டீஸ் என்று கேள்விப்பட்டேன்.

போன வெள்ளி கல்முனையில் ஒரு மண்டபத்தில் திரை கட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைக் காட்டினார்கள். என் மகள் நுஸ்ரத்தின் வகுப்பும் போனது. என் மச்சான் வசனம் எழுதிய படம் என்று நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ‘தமிழ் வசனம்: பாண்டிருப்பு கேதீஸ்வரன்’ என்று திரையில் வந்தபோது எழும்பிக் கைதட்டிய ஒரே ஆள் நான்தான். அந்தக் கைதட்டலை இன்று திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

என் வீடியோக் கடை வழக்கம் உனக்குத் தெரியும். யுத்த விமானப் படம் எது வந்தாலும் அதிலுள்ள பிழைகளை ஒரு துண்டில் எழுதி உறையின் பின்பக்கம் ஒட்டிவிட்டுத்தான் வாடகைக்குக் கொடுப்பேன். “முதலாளி, நீங்க படம் குடுக்கிறீங்களா, பிழை குடுக்கிறீங்களா?” என்று பொடியன்கள் பகிடி பண்ணுவார்கள். வெள்ளைக்காரன் எடுத்த படங்களையே நான் விட்டுவைத்ததில்லை. உங்கள் படத்துக்கு ஒரு துண்டு போதாது, ஒரு கொப்பி வேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் கிபிர் ஜெட் பறக்கிறது. கிபிர் இந்த நாட்டுக்கு வந்தது தொண்ணூற்றாறில். தொண்ணூறில் நீயும் நானும் ஒரே மதகுக்குக் கீழே ஒளித்திருந்து பார்த்தது மூக்கில் காற்றாடி சுற்றுகிற, குண்டு போடுகிற சின்னப் பொம்மரை. அதையும் மறந்துவிட்டாயா? உங்கள் விமானி முகமூடியைக் கழற்றிவிட்டு, பக்கத்து விமானத்தில் இருப்பவனைப் பார்த்துச் சிரித்துப் பாட்டுப் பாடுகிறான். அந்த உயரத்தில் முகமூடியைக் கழற்றினால் பாட்டு எங்கே வரும், மயக்கம்தான் வரும். ஜெட் வருகிறதற்கு அரை நிமிடம் முந்தியே அதன் சத்தம் வந்துவிடுகிறது. தாழப் பறக்கிற கிபிர் தலையைத் தாண்டிப் போன பிறகுதான் சத்தம் வந்து மண்டையில் அடிக்கும் என்பது இந்த மாவட்டத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, கல்முனைக் கடலில் சூரியன் மறைகிறது! எங்கள் கடலில் சூரியன் உதிக்கும், மச்சான். நீர்கொழும்புப் பக்கம் எங்கேயோ படம் பிடித்துவிட்டுக் கல்முனை என்று எழுதிப் போட்டால், பார்க்கிற சனத்துக்குக் கண் இல்லையா?

இதுவரைக்கும் எரிச்சல்தான். இனிச் சொல்லப்போவதற்கு எரிச்சல் என்று பேர் வைக்க முடியாது.

சுனாமிக் காலை. பயிற்சிக்குப் பறக்கிற உங்கள் விமானி அலை வருவதைக் காண்கிறான். சனத்தை ஓடவைக்க விமானத்தைக் கடற்கரைக்கு மேலே தாழக் கொண்டு வருகிறான். கீழே நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், சத்தம் கேட்டு மகளைத் தூக்கிக்கொண்டு ஓடித் தப்புகிறாள். பிறகு ஒரு மேட்டில் நின்று முழங்கை வரைக்கும் பச்சையான இரண்டு கைகளையும் அசைத்து விமானிக்கு நன்றி சொல்கிறாள்.

பச்சைக் கைகள், கேதீஸ். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் துணி மூடிக் கிடந்தவர்களில் என் மனைவி சுபைறாவை நான் சாயம் ஏறிய அந்தக் கைகளை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். அதை உலகத்தில் ஒரு ஆளுக்குத்தான் எழுதினேன். இரண்டாயிரத்தைந்து தையில், உனக்கு.

அன்றைக்கு எங்கள் தலைக்கு மேலே ஒரு விமானமும் வரவில்லை. அலை கொண்டுபோய்ப் போட்ட மாமரக் கிளையிலிருந்து என் பிள்ளையை இறக்கியது நற்பிட்டிமுனையிலிருந்து டிராக்டரில் வந்த தங்கரத்தினம் அண்ணன். டிராக்டர் ஓட்டுகிற ஆளை வைத்து யார் படம் எடுக்கப்போகிறார்கள்!

பஸ்ஸில் நுஸ்ரத்தும் நானும் திரும்பி வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு கேட்டாள்: “வாப்பா, பிளேன் ஓடச் சொல்லித்தானே வந்திச்சு? அப்ப ஏன் எங்கட உம்மா ஓடாமப் படுத்தா?”

விமானம் வரவில்லை என்று நான் சொன்னால் நம்புகிறாள் இல்லை. “உண்மைச் சம்பவம் எண்டு தொடக்கத்தில போட்டாங்களே” என்கிறாள். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. நான் அவளைத் தேற்றப் பொய் சொல்கிறேனாம், படம் உண்மை சொல்கிறதாம்.

படத்தை மாற்று என்று நான் கேட்கவில்லை, அது உன் கையில் இல்லை. நுஸ்ரத்துக்கு ஒரு கடிதம் எழுது. விமானம் வரவில்லை, அது நான் இட்டுக்கட்டியது என்று உன் கையெழுத்தில் எழுது.

கோபம் ஆறாத,
ஷிப்லி


கொழும்பு,
2010 செப்டெம்பர் 22

அன்புள்ள ஷிப்லி மச்சான்,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்காகவாவது கொஞ்சம் மனம் இளகு.

கிபிர் விஷயம் எனக்கும் தெரியும். சொன்னேன். “சனத்துக்குக் காற்றாடி விமானம் காட்டினால் சிரிக்கும்” என்றார் இயக்குநர். சூரியன் விஷயமும் சொன்னேன். அவ்வளவு பேரையும் சாமான்களையும் கிழக்குக்குக் கொண்டுபோக முடியாது என்றார்கள். நான் வசனம் எழுதுகிறவன் மட்டும்தான், மச்சான். பத்துப் பேர் கை வைக்கிற பண்டத்தில் என் கை ஒன்று.

சுனாமிக் காட்சியை எழுதியது நான். மறுக்கவில்லை. விமானப் படத்தில் சுனாமி வந்தால் அங்கே விமானம் வரத்தானே வேண்டும்? யாருக்கும் தீங்கு நினைத்து எழுதவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவளைச் சாகவிடாமல் வைத்ததற்கு நீ சந்தோசப்படுவாய் என்று நினைத்தேன்.

பிள்ளை சின்னது, மறந்துவிடும். கடிதம் எழுதிப் பெரிதாக்குவானேன்? அவளுக்கு ஒரு சின்ன விமானம் அனுப்பியிருக்கிறேன், படத்துக்காகச் செய்த மாதிரிதான், சில்லுகூட உருளும். தீபாவளிக்குப் பாண்டிருப்புக்கு வரும்போது வீட்டுக்கு வருகிறேன். நேரே கதைப்போம்.

என்றும் உன்,
கேதீஸ்


மருதமுனை,
2010 செப்டெம்பர் 30

கேதீஸ்வரன்,

உன் விளையாட்டு விமானத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். உறையைப் பிரிக்கவில்லை. தாயைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்கு விமானம் அனுப்ப உனக்கு எப்படி மனம் வந்தது?

‘பிள்ளை மறந்துவிடும்.’ இதை எழுதும்போது உன் கை கூசவில்லையா? என் பிள்ளை மறந்ததையும் மறக்காததையும் கேள், கொஞ்சம் இருந்து கேள். தெருவில் வீடு வீடாகப் போய், “அண்டைக்கு உங்களுக்குப் பிளேன் தெரிஞ்சதா?” என்று விசாரிக்கிறாள். மூன்று பேரப்பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஆயிஷா உம்மாவிடமும் போய்க் கேட்டிருக்கிறாள். அந்த மனிசி கடைக்கு வந்து, “தம்பி, பிளேனும் இல்ல, கீனும் இல்ல, அல்லாஹ்வுக்காக இந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லு” என்று அழுதுவிட்டுப் போனார். நேற்று வகுப்பில் ஒருத்தி சொன்னாளாம், “உங்கட உம்மா கெதியா ஓடியிருந்தாத் தப்பியிருப்பா” என்று. படம் பார்க்கும் வரைக்கும் எங்கள் ஊரில் ஒருவரும் சுபைறாவைக் குறை சொன்னதில்லை. ஓடித் தப்பியவள் ஒருத்தியைத் திரையில் காட்டி, ஓடாதவளை நீ குற்றவாளி ஆக்கிவிட்டாய்.

அவள் ஏன் படுத்தாள் என்று உனக்குத் தெரியும். அதுவும் அந்தத் தைமாதக் கடிதத்தில் இருக்கிறது. கடல் இரைந்து வந்தபோது, “கிபிர் வருது புள்ள, குப்புறப் படுங்க” என்று சொல்லிப் பிள்ளையைச் சாயக்கொட்டிலின் நிலத்தில் கிடத்தினாள். சமாதான காலம் அது, வருடக்கணக்காக ஒரு குண்டும் விழவில்லை. ஆனாலும் அந்த இரைச்சலுக்கு அவளுக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். கடல் அப்படிச் சத்தம் போடும் என்று எங்களுக்கு யார் சொல்லித்தந்தது?

கிபிரை மாற்றினது விளங்குகிறது, சூரியனை மாற்றினது விளங்குகிறது. அவளை ஏன் ஓடவைத்தாய் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அந்தக் காட்சியை ஒருவரும் உன் தலையில் கட்டவில்லையே.

நுஸ்ரத்துக்குக் கடிதம் வராவிட்டால் தீபாவளிக்கும் வராதே, பெருநாளுக்கும் வராதே.

ஷிப்லி


கொழும்பு,
2010 ஒக்டோபர் 18

ஷிப்லி மச்சான்,

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன். நுஸ்ரத்துக்கான கடிதம் இதற்குள் தனியாக மடித்து இருக்கிறது. நீ கேட்டபடியே எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தி நீ இதைப் படி.

தொண்ணூற்றேழில் நான் தொண்டர் வேலையாக ஊர் ஊராகப் போய்க் குண்டுவீச்சுப் பாதுகாப்பு வகுப்பு நடத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். தம்பிலுவிலில் தொடங்கி ஒவ்வொரு ஊராக வந்தேன். மருதமுனையில் நெசவு நிலையத்தில் ஒரு பின்னேரம் வகுப்பு. தறிகளுக்கு இடையில் பாய் விரித்து, இருபது பெண்களைப் படுக்கவைத்துப் பழக்கினேன். “சத்தம் கேட்டால் ஓடாதீங்க. ஓடுகிறவனைத்தான் குண்டுச் சிதறல் பிடிக்கும். குப்புறப் படுங்க. பிள்ளை இருந்தால் அடியில் வையுங்க.” ஒருத்திதான் எழும்பி, “எவ்வளவு நேரம் படுத்திரிக்கணும்?” என்று கேட்டாள். சத்தம் முழுக்க நிற்கும் வரைக்கும் அசையக்கூடாது என்று சொன்னேன். கேட்டவள் சுபைறா.

உன் தைமாதக் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அந்தக் கேள்வி என் காதில் நிற்கிறது. அவள் என் சொல்லைக் கேட்டு, அசையாமல் கிடந்து செத்தாள். ஐந்து வருடம் உனக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் காட்சியை எழுதச் சொன்னபோது, ஒரு தரமாவது அவள் எழும்பி ஓடட்டும் என்று எழுதினேன். அவள் கேட்ட சத்தம் உண்மையாகவே விமானத்தின் சத்தம்தான் என்று எழுதினேன், என் பாடம் பொய்யாகப் போகாமல் இருக்க. ஓடவும் வைத்தேன், அவள் சாகாமல் இருக்க. இரண்டும் எனக்காகத்தான் எழுதியது. உனக்காக என்று சொன்னது பச்சைப் பொய்.

பச்சைக் கைகளை எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை.

கேதீஸ்


மருதமுனை,
2010 ஒக்டோபர் 26

மச்சான் கேதீஸ்,

உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. நுஸ்ரத்துக்கு எழுதியதை அவள் தனியே இருந்து படித்தாள். எனக்கு எழுதியதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டலாமா என்று உன்னைக் கேட்கவில்லை. நீயும் என்னைக் கேட்டு என் கடிதத்தை எடுக்கவில்லைதானே.

அந்த வகுப்பு பற்றி எனக்குத் தெரியாது என்றா இவ்வளவு காலமும் நினைத்திருந்தாய், விசரா? கலியாணம் முடித்த புதிது. அன்றைக்குப் பின்னேரமே வீட்டுக்கு வந்து, “ஒங்கட கூட்டாளி படிப்பிச்சவர், நீங்களும் படுங்க” என்று என்னையும் நிலத்தில் கிடத்திப் பழக்கினாள். அடுப்பில் சோற்றுப்பானை ஆறும் வரைக்கும் எழும்பவிடவில்லை. பதின்மூன்று வருடமாக எனக்கு அது தெரியும். ஒரு நாளும் உன்னைக் குறை நினைத்ததில்லை. உன்னிடம் அந்தப் பாடத்தைக் கேட்டு வாங்கியது வானத்திலிருந்து விழுந்த குண்டு. அந்தக் குண்டைப் போட்டவர்கள் எல்லாரும் இப்போது படத்தில் சிரித்துப் பாட்டுப் பாடுகிறார்கள்.

உன் படத்தை நான் மன்னிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம். சிடி கடைக்கு வந்துவிட்டது. வாடகைக்கு வைக்காமல் விடலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நுஸ்ரத் வந்து, “வைங்க வாப்பா, துண்டை நான் எழுதுறன்” என்றாள். ஒரு மணித்தியாலம் மேசையில் இருந்து எழுதி, தன் கையாலேயே ஒட்டினாள்.

அவள் எழுதியதை ஒரு எழுத்தும் மாற்றாமல் கீழே தருகிறேன். கடைசியில் உள்ளதை இந்த ஆறு வருடத்தில் அவள் எனக்கும் சொன்னதில்லை. வாசித்துவிட்டுக் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். தீபாவளிக்கு வா. நேரே வீட்டுக்கு வா.

ஷிப்லி


இந்தப் படத்தில் உள்ள பிழைகள்:

கடல் பிழையான பக்கம் இரிக்கி.

அண்டைக்குப் பிளேன் வரல்ல. கேதீஸ் மாமாவே எழுதித் தந்திரிக்கார்.

படத்தில உம்மா ஓடுறா. எங்கட உம்மா ஓடல்ல. என்னை அடியில வச்சு மேல படுத்தா. முதல் தண்ணியில சாயக்கொட்டில் தகரமும் மரமும் உம்மாட முதுகில விழுந்திச்சு. எனக்கு விழல்ல.