சேவ் பண்ணாத கடிதம்

நண்பா,

எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். 'ழ' போட்டால் கோட்டைத் தாண்டி இறங்கிவிடுகிறது. ஆனாலும் இந்த வயதில் எழுத்துக் கற்று, யாரும் கைபிடிக்காமல் நானே பேனாவால் எழுதுகிறேன். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

காலையில் தோட்டத்துக் காவல் கொட்டகையில் நீ கொடுத்த லேப்டாப்பைத் திறந்தேன். கொஞ்ச நேரம் கரகரவென்று சுற்றிவிட்டுச் சத்தமே இல்லாமல் அடங்கியது. அப்படி அடங்கும்படி நீதான் செய்து வைத்தாய். லூபோக் சீனா ஊரில் உன் ரிப்பேர் கடையில் அன்று சொன்னாய்:

"டிஸ்க்கு சுத்திக்கிட்டே இருந்தா பேட்டரிய குடிச்சிரும்லா. அதான் புரோகிராம் எல்லாத்தையும் மெமரில ஏத்திட்டேன். ஒங் கொட்டாயில பிளக் கெடையாது, இனி ஒரு மணி நேரம் கூடுதலா ஓடும். ஆனா நீ எழுதுறதும் மெமரிலதான் நிக்கும். சேவ் பண்ணலன்னா, பேட்டரி செத்ததும் போச்சு."

நான் தாடையைத் தடவிப் பார்த்தேன். நீ மேசையில் சாய்ந்து சிரித்தாய்.

"அந்த சேவ் இல்லடா! சிம்பான், சிம்பான்!"

மலாயில் சொன்ன பிறகுதான் பத்திரமாக எடுத்து வைப்பது என்று புரிந்தது.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒருநாள் காலையிலிருந்து எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டி உனக்கு ஒரு கடிதம் முடித்தேன். அந்த நேரம் நீ போன் செய்தாய்.

"முடிச்சிட்டியா? சேவ் பண்ணியா?"

"காலைலயே பண்ணிட்டேன், மூஞ்சி பளபளன்னு இருக்கு."

நீ இருமும்வரை சிரித்தாய். சிரிப்பில் நான் பட்டனை அமுக்க மறந்தேன். பேட்டரி செத்தது. மறுநாள் திரும்ப எழுதலாம் என்றிருந்தேன். விடியும்போது நீ இல்லை.

அழிந்துபோன அந்தக் கடிதத்தில் நான் எழுதியது இதுதான். பல வருடங்களுக்கு முன், உன் மனைவியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைத்து நீ செர்காமிலிருந்து போட்ட கடிதம் எனக்கு வந்தது. பிறகு நீ கேட்டபோது வரவில்லை என்று நான் சொன்னது பொய். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை அப்போது உன்னிடமும் மறைத்திருந்தேன். யாரிடமாவது கொடுத்துக் கேட்கவும் வெட்கம். "தபால்ல எங்கயாச்சும் போயிருக்கும்லா, விடு" என்றாய். பிறகு நீ அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

நேற்றுதான் துணிந்து உன் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து நானே படித்தேன். நான்கே வரி. கடைசி வரியில், 'நீ பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்' என்றிருந்தது.

அதற்குப் பதில் எழுதத்தான் காலையில் லேப்டாப் முன் உட்கார்ந்தேன். அதில் ஒரு வரியும் வரவில்லை; அதனால்தான் இந்தத் தாளை எடுத்தேன். அடுத்த வாரமும் உட்காருவேன்.