சாட்சிக் கையெழுத்து

2004 யூலை 18, ஞாயிறு இரவு

மத்தியானம் மகன் குகனும் லூக்கும் சாப்பிட வந்தார்கள். லூக் ஆறு வருடமாகக் குகனோடு ஒரே வீட்டில் இருக்கிற வெள்ளைக்காரப் பெடியன். கூட்டாளி என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். வழக்கம்போல அவனைச் சீண்டினேன். "டேய் லூக், உனக்கு ஒரு தமிழ்ப் பொம்பிளை பாக்கட்டோ?"

எப்போதும் சிரிக்கிறவன் இன்றைக்குச் சிரிக்கவில்லை. குகன்தான் கதைத்தான்.

"அம்மா, இனிப் பாக்க வேண்டாம். நானும் லூக்கும் கலியாணம் முடிக்கப்போறம். இஞ்சை இப்ப சட்டம் விட்டிருக்கு. கலியாண அறிவித்தலிலை எங்கடை பேரைப் போட்டுக் கோட்டிலை ஒட்டியாச்சு. கலியாண எழுத்துக்கு ரெண்டு சாட்சி கையெழுத்து வைக்க வேணும். ஒண்டு நீங்கள்."

"ஓம், கூறைச்சீலை உடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிச் சிரித்தேன். எங்கள் வீட்டில் யார்தான் நேராகக் கதைக்கிறது? பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

"கறி அடிப்பிடிக்குது" என்று குசினிக்குள் ஓடினேன். அடுப்பு எப்போதோ நிறுத்தியாயிற்று. ஆறின கறியைக் கிண்டிக்கொண்டு நின்றேன்.

போகும்போது சொன்னான், "நீங்கள் வராட்டியும் பரவாயில்லை அம்மா. ஆரும் கோட்டு ஆளைக் கேட்டால் சாட்சிக் கையெழுத்துப் போடுவினம்."

அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அவனுடைய பொன்னுருக்கலுக்கு, தாலிக்கு உருக்கவென்று வைத்திருந்த தங்கப் பவுணை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். ஆரும் கோட்டு ஆள் என்றானே, அதுதான் காதுக்குள் நிற்கிறது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கையெழுத்துக் கோணலாகத்தான் வரும். இங்கேயே போட்டுப் பழகுகிறேன்.

பரமேஸ்வரி

பரமேஸ்வரி