கறுப்புக் கண்ணாடி

சனிக்கிழமை.

சுங்கை பட்டாணியில் அக்கா நடத்தும் டிசைன் ஸ்டுடியோவை நான் 'சூடியோ' என்றுதான் கூப்பிடுவேன். அங்கே ஏர்கோன் ஓடியதே இல்லை, எப்போதும் வேர்வைதான்.

இறந்துபோன ஒரு பெரியவருக்கு நாளை நாற்பதாம் நாள் பூசை. நினைவு அட்டை எங்கள் வேலை. அக்காவைச் சிரிக்க வைக்க, நேற்று அவர் படத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். கம்ப்யூட்டரில், வேண்டாதபோது மறைத்துவிடக்கூடிய தனி லேயரில்தான். அக்காவும் சிரித்தாள். பிறகு அதை மறைத்து வைத்தேன். அச்சுக்கு அனுப்புமுன் எழுத்தைச் சரிபார்க்க எல்லா லேயரையும் திறந்தவன், கண்ணாடியைத் திரும்ப மறைக்க மறந்துவிட்டேன்.

இன்று மாலை அவர் மகன் வந்து, அச்சாகி வந்த அட்டைகள் இருந்த பெட்டியைப் பிரித்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அப்பாவுக்குக் கடைசியில ரெண்டு கண்ணும் போச்சும்மா. வீட்டுக்குள்ளயும் கறுப்புக் கண்ணாடிதான். அந்தக் கோலத்துல யாரும் அவர நெனைக்கக் கூடாதுன்னுதான் அம்மா பழைய படத்தத் தேடிக் குடுத்தாங்க. யாரு செஞ்சது இது?"

"நான்தாண்ணே. பூசைக்கு முன்ன வேற அடிச்சுக் கொண்டாந்துடுறேன்," என்றாள் அக்கா.

நான் இரண்டடி தள்ளி, கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் காரைத் திறக்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "திட்டுலா அக்கா," என்று கெஞ்சினேன். திட்டவில்லை.

இப்போது ஹாலில் தனியாக உட்கார்ந்து புது அட்டைகளை வெட்டுகிறாள். உதவப் போனேன்.

"வேணாம் தம்பி. நீ தொடாத."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.