போட்டோவுக்குக் கேட்ட கருத்து

அன்புள்ள அத்தாவுக்கு, ஸலாம். நான் நல்லா இருக்கேன். அம்மாவுக்கு முட்டிவலி குறைஞ்சுதா?

எந்த நிலம் எதுக்குன்னு குறிக்கிற வட்டார நிலத் திட்டத்துக்காக எங்க ஆபீஸ்லேருந்து விக்கிரமங்கலத்துல மக்கள்கிட்ட கருத்துக் கேட்டோம். நர்மதான்னு ஒரு அக்கா எழுந்து, "எங்க நெல்லு வயல ஏங்க கம்பெனிக்குனு குறிச்சிருக்கீங்க?"ன்னாங்க. எங்க மேலாளர், "நல்ல கேள்வி"ன்னு கைதட்டி, அவங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டார். ஜீப்ல ஏறினதும், "திட்டம் போன மாசமே முடிஞ்சுது. போட்டோதான் பாக்கி"ன்னு சிரிச்சார். 

பாதி வழியில இறங்கித் திரும்பிப் போய் அக்காகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். "இதைக் கலெக்டர் ஆபீஸ்லயும் வந்து சொல்லுவியாம்மா?"ன்னாங்க. சொல்றேன்னுட்டேன்.

கவலைப்படாதீங்க. இங்க தனியா உட்கார்ந்தா சோறு இறங்கல. அம்மா இடிச்ச கருவாட்டுப் பொடி அனுப்புங்க. அதோட என் சர்டிபிகேட்டையும் வைங்க, வேற வேலை தேடணும். கலெக்டர் ஆபீஸுக்குப் போற பஸ் வந்துட்டுது. துஆ செய்யுங்க.

உங்கள் ஷஹானா