ஒன்பது மெமரி சிப்புகளை விடுவிக்கக் கோரி

அனுப்புநர்:
வார இதழின் குறுக்கெழுத்துப் புதிர் தயாரிப்பாளர்,
மூன்றாம் மாடி, தபால் நிலையத்துக்குப் பின்தெரு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பார்சல் பிரிவு, தலைமைத் தபால் நிலையம்.

பொருள்: என் பழைய கணினிக்காக வந்த ஒன்பது மெமரி சிப்புகளை மின்கழிவு என்று நிறுத்திவைத்திருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற செவ்வாயன்று உங்கள் பார்சல் பிரிவில் நான் கூச்சல் போட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பேச வேண்டும் என்று கான்வென்ட்டில் பழக்கினார்கள், அப்படித்தான் பேசினேன். மேசையைத் தட்டியது உண்மை. ஒரு முறைதான்.

2. முப்பத்தொரு ஆண்டுகளாகப் புதிர் தயாரித்து வருகிறேன். என் கணவர் இறந்த வாரத்திலும் அது வெளிவந்தது. சொற்களைக் கட்டங்களில் பொருத்தும் நிரலை நானே எழுதினேன். நான் முதலில் வாங்கிய கணினியில் மட்டுமே அது ஓடும். புதிது வாங்கித் தருகிறேன் என்கிறான் மகன். ஒரு பல் வலித்தால் தாடையையே மாற்றுவார்களா என்று கேட்டேன். 

3. இரண்டு மாதங்களுக்கு முன் அதன் மெமரி சிப்புகளில் ஒரு வரிசை பழுதாகி, அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. மீதமுள்ள மெமரியில் என் சொற்பட்டியல் முழுவதும் கொள்ளவில்லை. அகரவரிசையில் ‘ந’ வரை வந்து நின்றுவிடுகிறது. ஆகவே எட்டு வாரமாக என் புதிர்களில் பறவை இல்லை, மழை இல்லை, வீடு இல்லை. காகமும் நாயும் மாறி மாறி வருகின்றன. இந்த மாதம் 25ஆம் தேதிக்குள் பழைய தரம் திரும்பாவிட்டால் பக்கத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாக ஆசிரியர் எழுதிவிட்டார்.

4. அந்தக் காலத்துச் சிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் வெளியூரிலிருந்து ஒன்பது அனுப்பினார். எட்டு வேலை செய்யும்; ஒன்பதாவது, மற்றவை தவறு செய்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் பள்ளித் தலைமைச் சிஸ்டரின் உத்தியோகமும் அதுதான். ஒன்று குறைந்தாலும் வரிசை ஓடாது.

5. உங்கள் எழுத்தர் சோதனைக்காகப் பார்சலைப் பிரித்ததும், “என்னம்மா இது, பூரான் மாதிரி இருக்கு? எங்க லிஸ்ட்ல இல்லையே” என்றார். கணினிப் பாகம் என்றேன். அதன்மேல் அச்சிட்டிருந்த ஆண்டைப் படித்துவிட்டு, “நான் பொறக்கிறதுக்கு முன்னாடி செஞ்சதும்மா. கழிவுலதான் எழுதணும்” என்றார். அவர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே பிறந்த நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். மேசையைத் தட்டியது அப்போதுதான்.

6. சிப்புகளின் கால்கள் கருப்பு நுரைப்பஞ்சு ஒன்றில் குத்தி வந்திருந்தன. குப்பை என்று நினைத்து அதைப் பிடுங்கி எறியப் போனார். நம் விரலில் இருக்கும் துளி மின்சாரம் பட்டாலே அவை செத்துவிடக்கூடும். அந்தப் பஞ்சுதான் காவல். பஞ்சோடு அலமாரியில் வைக்கச் செய்துவிட்டே கிளம்பினேன்.

7. எழுத்தர்மீது எனக்குப் புகார் இல்லை. விதி எழுதியவர் அவர் அல்லவே. சீட்டு எழுதும்போது என் தொழிலைக் கேட்டார், சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். வாராவாரம் என் புதிரை விடுவிக்கிறவராம். “எட்டு வாரமா ‘ப’வுல ஒரு வார்த்தைகூட வரலையே, ஏம்மா?” என்று கேட்டார். அதற்கான விடை உங்கள் அலமாரியில் இருக்கிறது என்றேன்.

ஆகவே, அந்த ஒன்பது சிப்புகளையும் கழிவுப் பட்டியலிலிருந்து நீக்கி, பஞ்சிலிருந்து பிரிக்காமல், இம்மாதம் 20ஆம் தேதிக்குள் என்னிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மெக்கானிக்கின் கையெழுத்து ரசீதை இணைத்துள்ளேன். நானே நேரில் வந்து பெற்றுக்கொள்வேன். மேசையைத் தட்ட மாட்டேன்.

தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

நாள்: மார்ச் 10
இடம்: என் கணினி மேசை

இப்படிக்கு,
(கையொப்பம்)
தெருவில் ‘கட்டம் அம்மா’ என்று அறியப்படுபவர்