அலசச் சொன்ன சட்டை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

சலவைக்கூடத்தில் தினமும் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளோடுதான் மல்லுக்கட்டு. இடுப்பு கழன்றுவிடும் போலிருக்கிறது. பயப்படாதே, தைலம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கூத்து. என் அறையில் தங்கியிருக்கும் வெல்டர் தம்பி காய்ச்சலில் படுத்திருந்தான். "அண்ணே, இந்தச் சட்டைய அலசி மட்டும் போடுங்க" என்றான். தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும் என்றுதானே அர்த்தம்? இந்தத் தொழில் பார்க்கும் கை சும்மா இருக்குமா? முதுகில் மங்கலாக நீலக் கறை தெரிந்ததும் சோப்புப் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துத் துவைத்து, பளிச்சென்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அது கறையில்லை. அவன் ஊரிலிருந்து கிளம்பிய அன்று அவன் மகள் மையைத் தொட்டு முதுகில் பதித்த கை. மூன்று வருஷமாக அலசி அலசியே காப்பாற்றியிருக்கிறான்.

நான் சட்டையை வெளிச்சத்தில் பிடித்து நீலம் மிச்சமிருக்கிறதா என்று தேடுவதைப் பார்த்து அவனே சொன்னான்: "விடுங்கண்ணே. அந்தக் கை இப்ப வளர்ந்திருக்கும்."

அடுத்த கடிதத்தில் பாப்பாவின் கையைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. வளையல் அளவுக்குத்தான் கேட்கிறேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. விரல்களையும் விடாமல் வரை.

உன் வீட்டுக்காரன்